கலங்கல் சத்தம் நின்றால்

பதினோரு நாள் அந்தக் கருவி 0, 0, 0 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் தண்ணீர் அபாய அளவுக்கு ஏறவில்லை என்று அதற்குப் பொருள். ஐப்பசி மாதம், விட்டு விட்டு மழை. இரவில் விழிப்பு வரும்போதெல்லாம் செல்போனை எடுத்து அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். பன்னிரண்டாம் நாள் காலை துணி காயப்போடப் போன என் மனைவி, "என்னங்க, இந்த ஒயரு அறுந்து தொங்குதே, பாக்கலையா?" என்று குரல் கொடுத்தாள். காம்பவுண்டுச் சுவரோரம் எலி கடித்திருந்தது. நான் கடைசியாகக் கையால் சோதித்துப் பார்த்தது பதினோரு நாளுக்கு முன்பு. அதில் எத்தனை நாள் கம்பி உயிரோடு இருந்தது, எந்த இரவு அறுந்தது என்று சொல்ல வழியே இல்லை. தண்ணீர் ஏறவில்லை என்ற பூஜ்யமும் கம்பியே இல்லை என்ற பூஜ்யமும் திரையில் ஒரே வட்டம்தான்.

அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தண்ணீர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று உறுத்தியது. இதே தவறை இந்தத் தெருவே சேர்ந்து ஒரு முறை செய்திருக்கிறோம்.

கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரியின் உபரிநீர் போகிற பக்கத்தில், தாழ்வான தெரு ஒன்றில் எங்கள் வீடு. ஏரி நிரம்பினால் அதன் உபரி, கரையில் அதற்கென விட்டிருக்கும் கலங்கல் வழியாக வழிந்து, ஊரப்பாக்கம், ஆதனூர் பக்கமாகப் போய் அடையாற்றில் சேரும். அடையாறு என்றாலே பலருக்குச் சைதாப்பேட்டைப் பாலம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆறு உருவாவது எங்கள் பக்கத்து ஏரிகளில். 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த நாட்களில் வந்த செய்தியெல்லாம் செம்பரம்பாக்கத்தைப் பற்றியது. ஏரியின் முழு ஆழம் 24 அடி, திறப்பு வினாடிக்கு 29,000 கன அடி என்று எண்கள் வந்தபடி இருந்தன. கோட்டூர்புரத்துக்கு அவை உயிரைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய எண்கள். எங்களுக்கு அவற்றால் பயனில்லை. செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்கு அருகே. நாங்கள் இருப்பது அதற்கும் மேலே. எங்கள் தெருவுக்குள் நுழைந்தது எங்கள் ஏரிகளின் நீர். அதைப் பற்றி எங்கள் வாசலுக்கு ஒரு எண்ணும் வந்து சேரவில்லை. எண் வராததையே ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொண்டு படுத்துவிட்டோம். விடியற்காலையில் கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதந்தது.

சில வருடங்கள் கழித்து, மகள் கல்லூரிக்காக வாங்கிய ராஸ்பெரி பை ஒன்று, அவள் வேலைக்குப் போன பிறகு அலமாரியில் சும்மா கிடந்தது. வாய்க்காலுக்குக் காவல் வைக்க அதை எடுத்தேன். சீட்டுக்கட்டு அளவில் ஒரு முழுக் கணினி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், பள்ளிப் பிள்ளைகள் கைக்கு எட்டும் விலையில் ஒரு கணினி வேண்டும் என்று எபன் அப்டனும் நண்பர்களும் யோசித்து 2012 பிப்ரவரி 29-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணக்குப் போடும் வேகத்தில் என் மேசைக் கணினியோடு அது போட்டியிட முடியாது. ஆனால் மேசைக் கணினியிடம் இல்லாத ஒன்று அதனிடம் இருக்கிறது. அட்டையின் ஒரு ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் 40 பின்கள். முதலில் வந்த பலகைகளில் 26 இருந்தன; 2014-இல் 40 ஆயின.

கடையில் பின் என்பார்கள். நான் முள் என்று சொல்லிப் பழகிவிட்டேன். தராசில் முள் உண்டு, கடிகாரத்தில் முள் உண்டு. எதை அளந்தாலும் அளவைக் காட்ட ஒரு முள் வேண்டியிருக்கிறது. உலகத்தைப் பார்க்க இந்தச் சின்னக் கணினிக்கு இருப்பதும் இந்த முட்கள்தான்.

நாற்பதில் எட்டு முட்கள் தரை, அதாவது கிரவுண்டு. இரண்டு முட்களில் 5 வோல்ட், இரண்டில் 3.3 வோல்ட். மீதி 28 முட்கள் பேசவும் கேட்கவும். அவற்றிலும் இரண்டு தனி வேலைக்கு ஒதுக்கப்பட்டவை. முட்களை எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. வரிசைப்படி 16-ஆவது முள்ளுக்குச் சிப்பு வைத்திருக்கும் எண் 23. 18-ஆவது முள்ளுக்கு 24. சென்னைத் தெருக்களில் கதவிலக்கம் பழைய எண், புதிய எண் என்று இரண்டு போட்டிருப்பார்களே, அதே மாதிரி. நிரலில் எந்த எண்ணைச் சொல்கிறோம் என்று தெளிவில்லாவிட்டால் தபால் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

இப்படி ஒரு கருவியைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்பேன். சென்சார் எதையும் இணைக்காமல், வெறும் முள் ஒன்றை 'கேட்கும் முள்' என்று நிரலில் அறிவித்து, முள்ளைச் சிப்புக்குள்ளேயே ஒரு பக்கம் இழுத்து வைக்கும் வசதியை அணைத்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். எதனோடும் சேராத முள் எதுவும் சொல்லாது என்றுதான் நினைப்போம். அது சொல்லும். 0, 1, 1, 0, 1 என்று ஓயாமல் சொல்லும். விரலை அருகே கொண்டுபோனால் மாறும், அடுப்படியில் மிக்ஸி ஓடினால் மாறும். சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் துடிப்பைக்கூட செய்தி என்று எடுத்துக்கொண்டு ஒப்பிக்கும். காரணம் எளிது. அந்த முள்ளால் 0 என்றோ 1 என்றோ மட்டுமே சொல்ல முடியும். தெரியாது என்ற சொல் அதற்குக் கொடுக்கப்படவில்லை. தெரியாத நிலையிலும் இரண்டில் ஒன்றைச் சொல்லித் தீர வேண்டிய கட்டாயம் அதற்கு. இதை மிதக்கும் முள் என்கிறார்கள்.

மிதப்பதை நிறுத்த ஒரு ரெசிஸ்டர் போதும். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சுப் பட்டைகள் போட்ட 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் ஒரு காலை முள்ளிலும் மறுகாலைத் தரையிலும் வைத்தால், வேறு செய்தி எதுவும் வராதவரை முள் 0-வில் நிற்கும். மறுகாலை 3.3 வோல்ட்டில் வைத்தால் 1-இல் நிற்கும். நீளக் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் இழுக்காதபோது முளைக்குச்சி அருகே நிற்கும். யாராவது வந்து இழுத்தால் கயிறு விட்டுக்கொடுக்கும். இறுக்கிக் கட்டினால் கன்று நகராது, கட்டாமல் விட்டால் வயலை மேயும்.

எந்தப் பக்கம் கட்டுவது என்பதற்கு வழிகாட்டிகள் அதிகம் மெனக்கெடுவதில்லை. இரண்டும் ஒன்றுதான், நிரலில் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். சம்ப்புகளில் போடும் மிதவை சுவிட்சில் சிறியது ஒன்றை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்தேன். தண்ணீர் மிதவையைத் தூக்கினால் உள்ளே இருக்கும் காந்தத்தால் இரண்டு உலோக நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். அதன் ஒரு கம்பியை 3.3 வோல்ட்டிலும் இன்னொன்றை முள்ளிலும் கொடுத்து, முள்ளைத் தரைப்பக்கம் கட்டினேன். தண்ணீர் வந்தால் 1, வராவிட்டால் 0. பார்வைக்கு நேர்த்தியான ஏற்பாடு. எலி வந்து பல் வைக்கும்வரை அதன் ஓட்டை என் கண்ணில் படவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். இந்த மனைகளெல்லாம் நெல் வயலாக இருந்தபோது அவற்றில் ஏர் ஓட்டியவர். அறுந்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாய்க்கால் ஓரம் நின்றபோது, என்ன என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏரி ரொம்பினா கலங்கல்ல தண்ணி வுழும் தம்பி. ராத்திரி பூரா அந்தச் சத்தம் கேக்கும். கேக்கற வரிக்கும் நிம்மதியா தூங்குவோம். சத்தம் நின்னுபோச்சுன்னாதான் எழுந்துக்குவோம்."

"தண்ணி குறைஞ்சாத்தானே ஐயா சத்தம் நிக்கும்?" என்றேன்.

"மழ வுட்டப்பறம் நின்னா சரிதான். மழ கொட்டிக்கினு இருக்கறப்போ நின்னா? கீழ வாய்க்கா ரொம்பி, கலங்கல் மட்டத்துக்கு வந்துட்டுதுன்னு அர்த்தம். தண்ணி வுழறதுக்கு எடம் இல்ல. அதான் சத்தம் இல்ல. அப்ப மாட்ட அவுத்து மேட்டுக்கு ஓட்டிடுவோம்."

நீரியல் படித்தவர்கள் இதை மூழ்கிய கலங்கல் என்பார்கள். கலங்கலுக்குக் கீழ்ப்புறம் நீர்மட்டம் உயர்ந்து வரும்போது அருவி போல விழுந்த நீர் வழுக்கிக்கொண்டு போகும் நீராகிவிடும். ஓசை அடங்கும். நீர் வெளியேறும் திறனும் குறையத் தொடங்கும். ஏரிக்குள் மட்டம் ஏறும். பெரியவருக்கு இந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை. எந்த மௌனத்தை நம்பலாம், எந்த மௌனத்துக்கு எழுந்து உட்கார வேண்டும் என்று அவருடைய காதுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அதே மிதவை சுவிட்சைக் கழற்றினேன். இந்தச் சின்ன சுவிட்சுகளில் ஒரு வசதி உண்டு. அடியில் இருக்கும் வளையத்தை எடுத்துவிட்டு மிதவையை உருவித் தலைகீழாக மாட்டினால் அதன் குணமே மாறிவிடும். தண்ணீர் இல்லாதபோது நாக்குகள் ஒட்டியிருக்கும். தண்ணீர் தூக்கினால் பிரியும். இப்போது ஒரு கம்பியைத் தரையிலும் மற்றதை முள்ளிலும் கொடுத்தேன். முள்ளை ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட் பக்கம் கட்டினேன். வாய்க்கால் அடங்கியிருக்கும்வரை சுவிட்ச் முள்ளைத் தரையோடு பிடித்து வைத்திருக்கும், அது 0. தண்ணீர் வந்தால் பிடி விடும், அது 1. எலி கடித்தாலும் பிடி விடும், அதுவும் 1. இணைப்பு துருப்பிடித்து விட்டாலும் 1. சாமான்கள் அதே சாமான்கள், காசு ஒன்றும் கூடவில்லை. ஆனால் இப்போது 0 என்பது எதுவும் வரவில்லை என்பதாக இல்லை. மறுமுனையில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு 'இங்கே எல்லாம் சரி' என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருப்பதாக ஆகிவிட்டது. அவர் கையை விட்ட கணமே எனக்கு விழிப்பு வரும்.

புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். ரயில்வேக்காரர்களுக்கு இது நூற்றைம்பது வருடத்துச் சங்கதி என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1872-இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் தண்டவாளத்தையே மின்சுற்றாக்கிக் காப்புரிமை வாங்கினார். ஒரு பேட்டரியின் மின்சாரம் தண்டவாளம் வழியே ஓடிப் போய் மறுமுனையில் ரிலே என்ற மின்காந்த சுவிட்சைத் தூக்கிப் பிடித்திருக்கும். தூக்கிப் பிடித்திருந்தால் மட்டுமே பச்சை. ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும். ரிலே விழும், சிவப்பு. தண்டவாளம் உடைந்தாலும் சிவப்பு, பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு. அவருடைய முந்தைய ஏற்பாட்டில் ரயில் வந்தால்தான் மின்சாரம் ஓடும். கம்பி அறுந்தால் பாதை காலி என்று காட்டும். அந்த ஆபத்தை அவரே உணர்ந்துதான் தலைகீழாக்கினார். தினமும் காலையில் தாம்பரம் போக நடைமேடையில் நிற்கும்போது சிக்னலைப் பார்க்கிறேன். அதில் எரியும் பச்சையை இப்போது அனுமதியாகப் பார்ப்பதில்லை. எங்கோ ஒன்று இன்னும் பிடி தளராமல் இருக்கிறது என்ற சாட்சியாகப் பார்க்கிறேன்.

நம் தெருக்களிலும் இந்த முறை இருந்திருக்கிறது, நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை. விடிந்த பிறகும் ஒரு வீட்டு வாசலில் கோலம் இல்லை என்றால் எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். என் அம்மா தனியாக இருந்த கடைசி வருடங்களில் அவளுக்குக் காவல் அந்தக் கோலம்தான். அவள் உதவி கேட்டுக் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட முடியாத நிலையே ஒரு கூப்பாடாக எதிர்வீட்டுக்குப் போய்ச் சேரும்.

தலைகீழாக மாட்டிய சுவிட்ச் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. இரண்டு கம்பிகளும் உறை கிழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது மறுபடியும் பொய்யாக 0 சொல்லும். ஒரே சாட்சியை வைத்து வழக்கு நடத்த முடியாது. அதனால் இரண்டாவது சாட்சியாக, ஒலியால் தூரம் அளக்கும் சென்சார் ஒன்றைச் சேர்த்தேன். சின்ன வயதில் கிணற்றில் கல்லைப் போட்டு, 'தொபுக்' என்ற சத்தம் வர எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணிப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதே முறை. முள் ஒன்றின் வழியாக 10 மைக்ரோ வினாடிக்கு ஒரு தட்டுத் தட்டினால், சென்சார் 40,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தை இன்னொரு முள்ளில் சொல்லும். ஒவ்வொரு 58 மைக்ரோ வினாடிக்கும் ஒரு சென்டிமீட்டர். பின்சுவரிலிருந்து பி.வி.சி. குழாயை நீட்டி, அதன் நுனியில் தண்ணீர் புகாத வகையைக் கீழ்நோக்கிப் பொருத்தினேன். இந்த வகைக்கு ஒரு குறை உண்டு. ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்குள் எது வந்தாலும் அதற்குத் தெரியாது. வெள்ளம் மிகக் கிட்டே வரும்போது குருடாகிவிடும். ஆகவே எவ்வளவு தண்ணீர் வரும் என்று பயப்படுகிறோமோ அதற்கும் ஒரு முழம் மேலே அதைக் கட்ட வேண்டும்.

இதை முதல் முறை இணைத்தபோது ஒரு முள்ளைக் கொன்றுவிட்டேன். சென்சார் வேலை செய்வது 5 வோல்ட்டில். எதிரொலியைத் திருப்பிச் சொல்வதும் 5 வோல்ட்டில். முள் தாங்குவது 3.3 வோல்ட். நடுவில் காப்பு எதுவும் இல்லை. முள் நேராகச் சிப்புக்குள் போகிறது. 24-ஆம் எண் முள் அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் 1 என்றே சொல்கிறது. மாற்று வழி மிக எளியது. எதிரொலிக் கம்பிக்கு முதலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு தரைக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர். இரண்டும் சேரும் இடத்திலிருந்து முள்ளுக்குக் கம்பி. ஐந்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ரெசிஸ்டரில் இறங்கிவிடும். முள்ளுக்கு வருவது 3.3. ஏரிக்குக் கலங்கல் எதற்கோ அதற்குத்தான் இந்த இரண்டு ரெசிஸ்டர்களும். கரை தாங்கும் மட்டத்துக்கு மேல் வருவதை வேறு வழியில் இறக்கிவிட வேண்டும். கலங்கல் இல்லாத ஏரியை நம் முன்னோர் வெட்டியதில்லை. நான் அதை மறந்துவிட்டுக் கம்பி கட்டினேன்.

வெயில் நாட்களில் இன்னொன்று தெரிந்தது. மழையே இல்லாத மத்தியானத்தில் வாய்க்கால் 5 சென்டிமீட்டர் ஏறியதாகக் கருவி சொன்னது. சாயங்காலம் இறங்கியதாகச் சொன்னது. தண்ணீர் அசையவில்லை. காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகிறது. ஒரு டிகிரிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் கூடும். விடியற்காலை 25 டிகிரியும் வெயிலில் 40 டிகிரியும் என்றால், 2 மீட்டர் தூரத்தில் அந்த 5 சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். அதைச் சரிக்கட்ட டி.எஸ்.18பி20 என்ற வெப்பச் சென்சாரைச் சேர்த்தேன். இது ஒரே கம்பியில் பேசும், ஒவ்வொன்றுக்கும் 28 என்று தொடங்கும் தனி எண் உண்டு. நல்ல கருவி. ஆனால் அதனிடமும் தெரியாது என்ற சொல் இல்லை. மின்சாரம் கிடைத்து, அளப்பதற்கு முன்பே கேட்டுவிட்டால், அது 85 டிகிரி என்று சொல்லும். அதன் உள்ளே பிறவியிலேயே எழுதி வைத்த எண் அது. கம்பி தளர்ந்து மின்சாரம் விட்டு விட்டு வந்தாலும் 85 வரும். கூடுவாஞ்சேரியில் 85 டிகிரி வராது என்று நமக்குத் தெரிந்திருப்பதால் பிழைத்தோம். அந்தப் பிறவி எண் 32 என்றிருந்தால் யாருக்குச் சந்தேகம் வந்திருக்கும்?

இந்த ஊர் ஏரிகளைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இந்த 85-உம் அறுந்த கம்பியின் 0-வும்தான் நினைவுக்கு வருகின்றன. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளின் நிலையை நேரில் பார்த்துச் சொல்ல முன்பெல்லாம் கம்புகட்டி என்று ஒருவர் இருப்பார். வேறு பக்கங்களில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்பார்கள். மதகைத் திறப்பதும் மூடுவதும், இரவில் கரையில் நடந்து எங்கே ஊறுகிறது என்று காலால் பார்ப்பதும், கலங்கலைக் கவனிப்பதும் அவர் வேலை. களத்தில் நெல் அளக்கும்போது அவருக்கும் ஒரு பங்கு. இங்கிருந்து அதிக தூரம் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும் வெட்டியவை, ஏரி வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலையால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விதி சொல்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே முடிவு செய்தவர்களின் பூமி இது.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது கம்புகட்டி வாங்கிய அந்த நெல்தான். அவர் ஏரியோடு கட்டப்பட்டவர். வயல்காரர்களும் கட்டப்பட்டவர்களே, ஏரியில் ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் அவர்கள் வீட்டுக் குதிரில் தெரியும். வயல் மனையானதும் அந்தக் கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. நானும் அப்படி ஒரு மனையை வாங்கி வந்தவன்தான். குடி வந்து பல வருடங்கள் கலங்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஏரியோடு எதனாலும் கட்டப்படாத ஆயிரக்கணக்கான வீடுகள் அதன் மடியிலேயே முளைத்தன. மழைக்காலத்தில் எங்களுக்குள் ஓடும் வாட்ஸ்ஆப் செய்திகளைப் பார்த்தால் மிதக்கும் முள்ளின் நினைவு வரும். ஏரி உடைந்துவிட்டது, உடையவில்லை, உடைந்துவிட்டது. எங்கோ ஓடும் மிக்ஸியின் அதிர்வையெல்லாம் செய்தியாக எடுத்துக்கொள்கிறோம்.

2015-க்குப் பிறகு பெரிய அளவில் வேலைகள் நடந்திருக்கின்றன. பள்ளிக்கரணையில் உள்ள கடலோர ஆராய்ச்சிக்கான தேசிய மையத்தில், சென்னைக்கான வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ஒன்று சி-ஃப்ளோஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அது வேண்டும். ஆனால் ஆற்றின் அளவு தெரிவதால் தெருவின் அளவு தெரிந்துவிடாது. ஒவ்வொரு கலங்கலிலும் ஒவ்வொரு சிறுபாலத்திலும் கேட்கும் முள் ஒன்று இருக்க வேண்டும். அந்த முள் அந்தத் தெருவோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். உள்ளாட்சிகள் இதைச் செய்ய ஆகும் செலவு அதிகம் இல்லை. என் பின்சுவரில் இருக்கும் மொத்தச் சாமானும், கணினி நீங்கலாக, ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

இப்போது என் கருவி மணிக்கு ஒரு முறை, தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓசூரில் இருக்கும் மகளுக்கு 'இருக்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்புகிறது. மின்சாரம் போய், டவரும் படுத்து, அந்தச் செய்தி வராவிட்டால் அவள் எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஃபோன் அடிப்பாள். எங்கள் இருவருக்குமே லைன் கிடைக்காவிட்டால் மேட்டுத்தெருவில் இருக்கும் என் மைத்துனரை எழுப்பி அனுப்புவாள். போன கார்த்திகையில் நள்ளிரவில் அவர் டார்ச்சும் கையுமாக வந்து கதவைத் தட்டினார். வாய்க்கால் அடங்கிக் கிடந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிதான் தீர்ந்திருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இதுக்கென்ன மாமா, வரலைன்னாதான் தப்பு" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

கணினியும் முள்ளும் எல்லாராலும் ஆகிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னொரு வேலையும் செய்தேன். வாய்க்கால் சிறுபாலத்தின் பக்கச் சுவரில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டு, 2015-இல் தண்ணீர் நின்ற உயரத்தில் சிவப்புக் கோடு இழுத்தேன். பெரியவர்தான் அந்த உயரத்தைக் காட்டினார். பால் வாங்கப் போகிறவர்கள் போகிற போக்கில் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் தெருவிலும் ஒரு சிறுபாலம் இருக்கும், 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டக்கூடிய ஒருவரும் இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டுக் கோடு போட்டுவிடுங்கள். கால் லிட்டர் பெயின்ட் போதும். ஐப்பசி பிறக்கும் முன் செய்யுங்கள்.